மதுரையில் மீனாட்சி கோயிலைத் தாண்டி என்ன பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனாட்சி கோயில், நாயக்கர் மஹால், தெப்பக்குளம் எல்லாம் பார்த்தாச்சு. அடுத்து எங்கே போவது?

மலைக்குப் போங்கள். மதுரைக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். இன்று நாம் பார்க்கிற மீனாட்சி கோயிலின் பெரும்பகுதி 16, 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துக் கட்டுமானம். அதைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் பழைய எழுத்து ஊருக்கு வெளியே, ஆடு மேய்க்கிற பாறைகளில், மழைக்கும் வெயிலுக்கும் அப்படியே இருக்கிறது. மதுரையைச் சுற்றி எட்டு மலைகளைச் சமணர்கள் தங்கள் இடமாக வைத்திருந்தார்கள், எண்பெருங்குன்றம் என்று ஒரு பழைய வெண்பாவே அவற்றைப் பட்டியல் போடுகிறது. அதில் யானைமலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை மாதிரி சிலது எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள், ஆனால் அங்கே போகிறவர்களிலும் பாதிப் பேர் மலையின் பின்பக்கம் போவதில்லை.

ஒரே ஒரு காலைப் பொழுதுதான் இருக்கிறது. எந்த மலை?

கீழக்குயில்குடி சமணர்மலை, யோசிக்கவே வேண்டாம். தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போய்த் திரும்பினால் வந்துவிடும். அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், அங்கே கருப்பசாமிக்கும் வர்ணம் பூசிய பெரிய பெரிய சிலைகள். விடிந்ததும் போய்விடுங்கள், எட்டரை மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும்.

பார்க்க வேண்டிய இடம் அங்கே இரண்டு. படி ஏறிப் போனால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதன் மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஐந்து தலை நாகம் குடை பிடிக்கப் பார்சுவநாதர் நிற்கிறார், கொடி சுற்றிய கால்களோடு பாகுபலி நிற்கிறார். சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்து கொடுத்தது என்று பொறித்திருக்கிறார்கள். அதில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தியின் பெயர் தமிழ்நாட்டின் பல சமணக் குன்றுகளில் வருகிறது, அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய் இந்தச் சிற்பங்களைச் செய்வித்தவர். வீட்டை விட்டு, உறவை விட்டுப் போன மகனின் பெயரை எழுதி, தான் இன்னாரின் தாய் என்று ஒரு அம்மா ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் பாறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு மதுரை முழுவதிலும் இதைவிடப் பிடித்த ஒரு வரி கிடையாது.

இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின், அதாவது துறவிகள் மடத்தின், அடித்தளக் கற்கள் கிடக்கின்றன. அங்கிருந்து கீழே வயலும் கண்மாயும் முழுசாகத் தெரியும்.

இரண்டாவது இடம் செட்டிப்பொடவு, மலையின் இன்னொரு பக்கம். குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் (சமணர்கள் வணங்கும் அருளாளர்) உருவம், நீண்ட காதுகளோடு உட்கார்ந்திருக்கிறார், ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். குனிந்து குகைக்குள் போய் மேலே பாருங்கள், நிறைய பேர் வெளிச்சிலையோடு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே விதானத்தின் வளைவில் ஐந்து சிற்பங்கள் இருக்கின்றன. முதலாவது, சிங்கத்தின் மேல் ஏறிய ஒரு இயக்கி (சமணப் பெண் தெய்வம்), வில்லை வளைத்துப் பிடித்துக்கொண்டு யானை மேல் வருகிற ஒரு வீரனோடு மோதுகிறாள். அடுத்து மூன்று தீர்த்தங்கரர்கள், முக்குடையின் (மூன்று அடுக்குக் குடை) கீழ். கடைசியில் கால் மடித்து உட்கார்ந்த இன்னொரு இயக்கி. கொல்லாமையைச் சொன்ன சமயத்தின் குகையில், அமைதியாகக் கண் மூடிய மூன்று பேருக்குப் பக்கத்தில், இவ்வளவு வேகமான சண்டைக்காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக உள்ளே விழுகிறபோது அந்தச் சிங்கத்தின் வாய் வரை தெளிவாகத் தெரியும்.

யானைமலைக்கு மேலே ஏற முடியுமா?

ஏறலாம், ஆனால் தேவையில்லை. பெரிய விஷயம் அடிவாரத்திலேயே இருக்கிறது. ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போங்கள். அங்கே இருக்கிற யோக நரசிங்கப் பெருமாள் கோயிலின் கருவறை மலையைக் குடைந்து செய்தது. கல்வெட்டில் கலியாண்டு கணக்கோடு தேதியே இருக்கிறது, கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி இதைக் குடைவித்தார், ஆனால் குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துவிட்டார். அவருடைய தம்பி மாறன் எயினன் அந்தப் பதவிக்கு வந்து, முகமண்டபம் எடுத்து, நீர் தெளித்து அண்ணனின் வேலையை முடித்து வைத்தார். இதெல்லாம் நான் சொல்கிற கதை இல்லை, கல்வெட்டே சொல்கிறது, வடமொழியில் ஒரு முறை, தமிழில் வட்டெழுத்தில் ஒரு முறை.

பக்கத்திலேயே லாடன் கோயில் என்று ஒரு சின்னக் குடைவரை. முருகனும் தெய்வானையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நரசிங்கத்துக்கு வருகிற பக்தர்களில் பத்தில் ஒருவர் கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மலையின் மேலே ஒரு பாறையில் சமணச் சிற்பங்களும், அவற்றில் பூசிய சுதையிலும் வண்ணத்திலும் கொஞ்சம் மிச்சமும் இருக்கின்றன, துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கைக்கு மேலே தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் இருக்கிறது. வழி தெரிந்த ஊர்க்காரர் துணை இல்லாமல் மேலே போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2010 வாக்கில் இந்த மலையைச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சுற்றியிருக்கிற ஊர்மக்கள் எதிர்த்தார்கள், அது நின்றது. மலை இன்றும் முழு யானையாகப் படுத்திருக்கிறது என்றால் அதற்கு அவர்கள்தான் காரணம்.

சம்பந்தர் வந்ததோடு மதுரையில் சமணம் முடிந்துவிட்டது என்றுதானே படித்தோம்?

பாறைகள் அப்படிச் சொல்லவில்லை. சம்பந்தரின் காலம் 7ஆம் நூற்றாண்டு, ஆனைமாமலை என்று இந்த யானைமலையை அவரே தேவாரத்தில் பாடுகிறார். சமணர்மலைச் சிற்பங்களோ 9, 10ஆம் நூற்றாண்டு. அதாவது வாதில் தோற்ற சமணர்களைக் கழுவேற்றிய கதை நடந்ததாகச் சொல்லப்படுகிற காலத்துக்கு இருநூறு வருஷம் கழித்தும் இங்கே சமணப் பள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன, பள்ளிக்குத் தானம் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள், துறவிகளின் மாணவர்கள், அந்த மாணவர்களின் மாணவர்கள் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. புத்தகத்தில் ஒரே பத்தியில் முடிந்துபோன ஒன்று உண்மையில் எவ்வளவு மெதுவாக மாறியது என்பது மலையில் நின்று பார்த்தால்தான் புரிகிறது.

திருப்பரங்குன்றத்தில் கோயிலைத் தவிர வேறு என்ன?

முதலில் கோயிலையே சரியாகப் பாருங்கள். கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம், அந்தச் சன்னதிகள் மலையைக் குடைந்த குடைவரை என்பதே பலருக்கு மனதில் பதிவதில்லை. அதே நெடுஞ்சடையன் காலம், கி.பி. 773, சாத்தன் கணபதி என்ற அதிகாரி செய்த திருப்பணி. அவருடைய மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டை என்கிற மூத்ததேவிக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு தனியாகச் சொல்கிறது. நரசிங்கத்துக்கு மூன்றே வருஷம் பின்னால். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் அந்த அரசனின் காலத்தில் மதுரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நன்றாகப் பிடிபடும்.

அப்புறம் மலையின் தென்பக்கம், தென்பரங்குன்றம். அங்கே உமையாண்டார் கோயில் என்ற குடைவரை இருக்கிறது. சமணக் குடைவரையாக இருந்து, 13ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தில் சிவன் கோயிலாக மாறியது. உள்ளே பின்சுவரில் அர்த்தநாரீசுவரர், பின்னால் காளை. அவர் தலைக்கு மேலே விரிகிற மரக்கிளைகள் பழைய தீர்த்தங்கரர் சிற்பத்தின் மிச்சம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நேரில் போய்ப் பார்த்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். இன்று பூசை கிடையாது, பாதுகாக்கப்பட்ட சின்னம், பெரும்பாலும் ஆளே இருக்காது.

அரிட்டாபட்டி பற்றிச் செய்தியில் பார்த்தோம். சுற்றிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பொழுதுபோக்குக்குப் போகிற மாதிரி போகாதீர்கள், அது மக்கள் வாழ்கிற ஊர். மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். ஏழு குன்றுகள், ஏகப்பட்ட நீர்நிலைகள், சுனைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இதை அறிவித்தார்கள். வல்லூறுகளும் ராசாளிகளும் கூடு கட்டுகிற பாறைகள் அவை. அங்கே பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை ஒன்று இருக்கிறது. வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் கையில் தடியோடு லகுலீசர், சிவனின் அவதாரமாகக் கருதப்படுகிறவர். தமிழ்நாட்டில் லகுலீசர் சிற்பம் அபூர்வம், அதற்காகவே போகலாம். மலையின் இன்னொரு பக்கம் கற்படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பிற்காலத் தீர்த்தங்கரர் சிற்பம்.

செய்தியில் வந்தது டங்ஸ்டன் சுரங்க விஷயம். 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய ஏலம் முடிந்தது தெரிந்ததும் சுற்றுக் கிராமங்கள் எல்லாம் திரண்டன. 2024 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள், அந்த மாதக் கடைசிக்குள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கல்வெட்டும் குடைவரையும் வயலும் கண்மாயும் அந்த மக்களுக்குத் தனித்தனி இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அவர்கள் ஊர் என்று சொன்னார்கள், சேர்த்துத்தான் காப்பாற்றினார்கள். மேலூர் வட்டாரத்தில் கல்குவாரிக்குப் போன குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். கீழவளவுப் பக்கம் போனால் கற்படுக்கை இருக்கிற பாறையையும் பாதி அறுத்தெடுத்த குன்றுகளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

மாங்குளம் போக வேண்டுமா? வழி கஷ்டம் என்கிறார்களே?

கஷ்டம்தான், ஏற்றமும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்தின் வரலாற்றில் ஆர்வம் இருக்கிறவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது போக வேண்டிய இடம். மீனாட்சிபுரம் ஊர் வழியாக ஏற வேண்டும். 1882இல் ராபர்ட் சீவெல் கண்டெடுத்த கல்வெட்டுகள் இவை. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழி எழுத்து. நெடுஞ்செழியன் என்ற பெயர் அதில் இருக்கிறது, அவனுடைய அதிகாரி கடலன் வழுதி கணிநந்தன் என்ற துறவிக்காகப் பள்ளி வெட்டிக் கொடுத்ததாக வாசிக்கிறார்கள். வெள்ளறை ஊர் வணிகக் குழுவின் கொடையும் வருகிறது. சங்கப் பாடல்களில் கேட்ட பெயரைப் பாறையில் விரல் அகல எழுத்தில் பார்க்கிறபோது எனக்குச் சிலிர்த்தது.

மலையெல்லாம் ஏற முடியாது, முழங்கால் வலி. ஊருக்குள்ளேயே ஏதாவது சொல்லுங்கள்.

மேலமாசி வீதியில் ஒரு நடை போங்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் கோயில்கள் திறந்திருக்கும்.

இம்மையிலும் நன்மை தருவார் கோயிலில் தொடங்கலாம். சிவன் தானே லிங்கத்தைப் பூசை செய்கிற கோலம், அதனால் நாம் பார்ப்பது லிங்கத்தின் பின்புறம். மதுரையின் பஞ்சபூதத் தலங்களில் இதை நிலம் என்று வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நிறைய வருவார்கள், வெளியூர்க்காரர்கள் குறைவு.

அடுத்து மதனகோபாலசாமி கோயில். இதற்கு ஒரு கதை இருக்கிறது, கீழே தனியாகச் சொல்கிறேன். அதே மேலமாசி வீதியில் 251ஆம் எண் வீட்டு மாடியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். இப்போது கீழே கதர்க்கடை. அந்த உடையில் முதன்முதலாக மக்கள் முன் நின்ற இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்றே இருக்கிறது.

அப்படியே கூடலழகர் கோயில். மூன்று நிலை விமானம், உட்கார்ந்த, நின்ற, கிடந்த என்று மூன்று கோலத்திலும் பெருமாள். பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய இடமாக வைணவர்கள் கொண்டாடுவது இதைத்தான். சுவரில் இருக்கிற கல் ஜன்னல்களின் பின்னல் வேலையை நிதானமாகப் பாருங்கள், ஒன்று மாதிரி ஒன்று இருக்காது.

மதனகோபாலசாமி கோயில் மண்டபம் அமெரிக்காவில் இருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. 1912இல் அடிலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாக்காரர் மதுரைக்கு வந்தபோது, இந்தக் கோயிலில் பிரித்துப் போட்டுக் குவித்து வைத்திருந்த சிற்பத் தூண்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். 1919இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே அதை முழு மண்டபமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 16ஆம் நூற்றாண்டு வேலை. யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. நாம் வேண்டாம் என்று குவித்து வைத்தது போனது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் திருப்பணி என்ற பெயரில் பழைய கல்லைப் பெயர்த்துப் போட்டு கிரானைட் பதிக்கிற வேலை இன்னும் ஊர் ஊராக நடக்கிறது.

பத்துத்தூண் எங்கே இருக்கிறது? தேடிப் போனால் சந்துக்குள் விடுகிறது மேப்.

சரியாகத்தான் விடுகிறது. விளக்குத்தூணுக்கும் மஹாலுக்கும் நடுவே, துணிக்கடைச் சந்துக்குள், இரண்டு பக்கமும் வண்டி நிறுத்திய இடத்தில் பத்துப் பெரிய கருங்கல் தூண்கள் கூரையில்லாமல் நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் ரங்கவிலாசம் என்ற பகுதியில் மிஞ்சியது அவ்வளவுதான். இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மஹால் பழைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே என்று படித்தாலும் நம்பிக்கை வராது. இங்கே வந்து, அங்கிருந்து மஹாலுக்கு நடந்தால் அளவு புரியும்.

பக்கத்து விளக்குத்தூண், கோட்டையை இடித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. 1840களை ஒட்டிச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து அங்கே தெருக்கள் போட்டார்கள். வெளிவீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படி வந்தவை. கோட்டையில் மிஞ்சிய ஒரு துண்டு பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிறது, தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள்.

கோயில்கள் மட்டும்தானா?

இல்லை. காஜிமார் தெருப் பள்ளிவாசல் நாயக்கர்களுக்கு முந்தையது. கோரிப்பாளையம் தர்காவில் 1573ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, வீரப்ப நாயக்கர் காலத்தது, முன்னால் பாண்டியன் கொடுத்த நிலக்கொடை இந்தத் தர்காவுக்கே உரியது என்று உறுதி செய்து கொடுத்தது. பாண்டியன் கொடையை நாயக்கர் காப்பாற்றிக் கொடுத்த கதை அந்தக் கல்லில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குகிற வைகைக் கரையும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

எந்த மாதம் வரலாம்? எப்படிப் போவது?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. மழை விட்ட பிறகு சுனையில் தண்ணீர் இருக்கும், மலை பச்சையாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மலைப்பக்கம் போகவே வேண்டாம். கீழக்குயில்குடி, ஒத்தக்கடை, திருப்பரங்குன்றம் மூன்றுக்கும் டவுன் பஸ் இருக்கிறது. அரிட்டாபட்டிக்கும் மாங்குளத்துக்கும் பஸ் குறைவு, பைக் அல்லது கார் நல்லது. தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு, டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

சமணர்மலை, நரசிங்கம் காலை நேரத்தில் பிரச்சினையில்லை, நடைப்பயிற்சிக்கே நிறைய பேர் வருகிறார்கள். உமையாண்டார் கோயில், மாங்குளம், யானைமலை உச்சி இவற்றுக்கு யாராக இருந்தாலும் துணையோடு போவதே நல்லது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் எந்த மலையிலும் இருக்காதீர்கள், குடிக்க வருகிற கூட்டம் சில இடங்களில் உண்டு.

கல்வெட்டு போட்டோவில் விழவே மாட்டேன் என்கிறது. சாக்பீஸ் தடவலாமா?

கூடவே கூடாது. சாக்பீஸ், மாவு, எண்ணெய், தண்ணீர் எதுவும் வேண்டாம். எழுத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்து அதன் வரியையே மாற்றிவிடும், அடுத்து படிக்க வருகிறவர் உங்கள் கோட்டைப் படிப்பார். டார்ச்சைப் பக்கவாட்டில், பாறையை ஒட்டிப் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பி வரும். செட்டிப்பொடவிலும் கற்படுக்கைகளிலும் காதலர்கள் பெயின்டில் எழுதிய பெயர்களைப் பார்ப்பீர்கள். பாறையிலிருந்து பெயின்டை எடுக்கப் போனால் பாறையின் தோலும் சேர்ந்து வரும், அதனால் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறார்கள். யாராவது எழுதுவதைக் கண்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள், ஊர்க்காரர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் வருவார்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? பூசை இல்லாத இடம்தானே?

கழற்றுங்கள். சமணர்மலையில் தீர்த்தங்கரர் முன்னால் ஊர்ப் பெண்கள் விளக்கு வைப்பதுண்டு, அடிவாரம் முழுக்க அய்யனார் எல்லை. எது வரை செருப்புப் போடலாம் என்று அங்கே பூ விற்கிறவரிடமோ ஆடு மேய்க்கிறவரிடமோ கேட்டால் சொல்வார்கள். அப்படியே வழியும் கேளுங்கள், மேப்பை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நேரம் இருந்தால் கூடவே வந்து, "இதையும் பாருங்க" என்று நீங்கள் கேள்விப்படாத ஒன்றைக் காட்டுவார்கள்.